கேள்வி பதில்: வாலில் அமர்ந்த கொக்கு

விமானங்களின் சின்னங்களையும் வண்ணங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: எந்த விமான நிலையத்தில் பார்த்தாலும் முக்கால்வாசி விமானங்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. வடிவமைப்பாளர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டதா?

கற்பனைக்குக் குறைவில்லை, அதற்குக் கடிவாளம் போடும் காரணங்கள்தாம் அதிகம். திறந்த வெளியில் மணிக்கணக்காக நிற்கும் விமானத்தின் மீது விழும் வெயிலை வெள்ளை நிறம் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுவதால் உட்புறம் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. உயரத்தில் புற ஊதாக் கதிர்களின் தாக்கம் கடுமையாக இருப்பதால் அடர் நிறங்கள் விரைவில் வெளிறிப்போகின்றன. வெளிறினாலும் வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. விரிசல், எண்ணெய்க் கசிவு, அரிப்பு ஆகியவற்றைத் தேடும் பராமரிப்புப் பணியாளருக்கு வெளிர் பின்னணி வசதியானது.

இவற்றோடு குத்தகைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. இன்று பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழப் பாதி குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. சில ஆண்டுகளில் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறப்போகும் விமானத்தின் உடல் வெள்ளையாக இருந்தால், வாலையும் பெயரையும் மட்டும் மாற்றி அனுப்பிவிடலாம்.

வெள்ளை நிறம் உண்மையாகவே உயிர்நாடியாக இருந்த விமானம் கான்கார்ட். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறக்கையில் காற்றின் உராய்வாலும் அழுத்தத்தாலும் அதன் மூக்குப் பகுதி ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. ஆகவே வெப்பத்தை நன்கு வெளிவிடும் தனி வகை வெள்ளைப் பூச்சு அதற்குத் தேவைப்பட்டது. 1996-ஆம் ஆண்டு பெப்சி நிறுவனத்தின் விளம்பரத்துக்காக ஏர் பிரான்ஸின் ஒரு கான்கார்டுக்கு நீல நிறம் பூசினார்கள். உடல் முழுவதும் நீலம். எரிபொருள் நிறைந்த இறக்கைகளை மட்டும் வெள்ளையாகவே விட்டுவைத்தார்கள். அப்படியும், உச்ச வேகத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் பறக்க வேண்டாம் என்று விமானிகளுக்கு வரம்பு வைக்கப்பட்டது. ஒலியை முந்திய பயணிகள் விமானத்தை ஒரு டப்பா நீல பெயின்ட் மெதுவாகப் பறக்க வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கேள்வி: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள் முன்பு பெயின்ட் இல்லாமல் வெள்ளி போலப் பளபளத்தன. அந்த அழகை ஏன் கைவிட்டார்கள்?

விமானத்தின் உடல் அலுமினியமாக இருந்தவரை அதை மெருகேற்றி அப்படியே விட முடிந்தது. 1967-இல் மாஸிமோ விக்னெல்லி வடிவமைத்த சிவப்பு, நீல இரட்டை 'ஏ' எழுத்துகளும், ஹெல்வெட்டிகா எழுத்துருவில் அமைந்த பெயரும் அந்த உலோகப் பளபளப்பைப் பின்னணியாக வைத்தே சிந்திக்கப்பட்டவை. எழுத்துகளுக்கு நடுவே நின்ற கழுகு மட்டும் அவருடைய விருப்பம் அன்று. நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் பழைய கழுகை விட்டுக்கொடுக்க மறுத்ததால் சேர்க்கப்பட்டது.

பெயின்ட் இல்லையென்றால் எடையும் குறையும். ஒரு போயிங் 747 விமானத்தை முழுவதும் பூசினால் அந்தப் பூச்சின் எடை மட்டும் ஏறத்தாழ 250 கிலோ. மூன்று, நான்கு வளர்ந்த ஆட்களை எந்நேரமும் இலவசமாகச் சுமந்து செல்வதற்கு அது சமம். ஆனால் பூச்சற்ற உலோகம் மங்காமல் இருக்க அடிக்கடி கழுவி மெருகேற்ற வேண்டியிருப்பதால், எரிபொருளில் மிச்சமாகும் பணம் கூலியில் கரைந்துவிடுகிறது.

இறுதியில் தீர்ப்பு எழுதியது மூலப்பொருள். போயிங் 787 போன்ற விமானங்களின் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அதை எவ்வளவு தேய்த்தாலும் மின்னாது. பூசாமல் விட்டால் புற ஊதாக் கதிர்களால் சிதையும். எனவே 2013-இல் நிறுவனம் மைகா என்னும் மின்னும் கனிமத்தூள் கலந்த வெள்ளிச் சாயல் பூச்சுக்கு மாறியது. வாலில் கொடிப்பட்டைகள் ஏறின. விக்னெல்லியின் சின்னம் விடைபெற்றது. நாற்பத்தைந்து ஆண்டுகள் நின்ற ஒரு வடிவமைப்பை ரசனை மாற்றத்தைவிட வேதியியல்தான் அதிகமாக வீழ்த்தியது என்பது என் கணிப்பு.

கேள்வி: பழைய புகைப்படங்களில் விமானத்தின் மூக்கிலிருந்து வால் வரை ஜன்னல்களின் ஊடாக ஒரு பட்டை ஓடுகிறது. அதற்குப் பெயர் உண்டா? எப்போது மறைந்தது?

உண்டு. ஆங்கிலத்தில் அதைச் 'சீட்லைன்' என்பார்கள். ஏமாற்றுக்கோடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வரிசையாக இருக்கும் கறுப்பு ஜன்னல் ஓட்டைகளை ஒரே கோடாக இணைத்து, தடித்த உருளை போன்ற உடலை ஒல்லியாகவும் விரைவாகவும் காட்டுவதுதான் அதன் வேலை. 1970-களின் நடுப்பகுதியில் ஏர் பிரான்ஸ் தன் உடலை முழு வெள்ளையாக்கி, வாலில் மட்டும் நீல, சிவப்புச் சாய்கோடுகளை வைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லோரும் அந்த வழியில் சென்றுவிட்டார்கள். 'யூரோ வெள்ளை' என்று அந்த பாணிக்குச் சற்றே கேலியான ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: விமான நிறுவனச் சின்னங்களில் மிகப் பழையது எது? பறவைகள் ஏன் இத்தனை?

இன்றும் பறந்துகொண்டிருக்கும் சின்னங்களில் மூத்தவற்றுள் ஒன்று லுஃப்தான்ஸாவின் கொக்கு. ஜெர்மானியக் கட்டடக் கலைஞரும் ஓவியருமான ஓட்டோ ஃபிர்லே 1918-இல் வேறொரு சிறு நிறுவனத்துக்காக அதை வரைந்தார். அந்த நிறுவனம் பின்னர் மற்றொன்றோடு இணைந்தது. 1926-இல் லுஃப்தான்ஸா உருவானபோது கொக்கு ஒரு பக்கத்துச் சீதனமாகவும், நீலமும் மஞ்சளும் யுங்கர்ஸ் என்னும் மறுபக்கத்துச் சீதனமாகவும் வந்து சேர்ந்தன. 1960-களின் தொடக்கத்தில் உல்ம் வடிவமைப்புப் பள்ளியைச் சேர்ந்த ஓட்டெல் ஐகரும் அவருடைய குழுவினரும் சின்னத்தோடு நிற்காமல், கடிதத் தாள் முதல் உணவுத் தட்டு வரை எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம் வகுத்தார்கள். நிறுவனங்கள் இன்று தங்கள் 'அடையாள விதிமுறை' என்று தடிமனான கையேடு போடுகின்றனவே, அதற்கு முன்னோடிகளில் ஒன்று அது. கொக்கின் நூற்றாண்டான 2018-இல் வாலில் இருந்த மஞ்சள் வட்டம் நீக்கப்பட்டது. என்னைக் கேட்டால் அது தேவையற்ற சிக்கனம். மழை மூட்டத்திலும் தூரத்திலிருந்து அந்த விமானத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த மஞ்சள்தான்.

ஜப்பான் ஏர்லைன்ஸிடமும் ஒரு கொக்கு உண்டு. சிறகுகளை மேலே விரித்து வட்டமாக்கிய அந்தச் சிவப்புக் கொக்கு 1959-இல் பிறந்தது. 2002-இல் மற்றொரு ஜப்பானிய நிறுவனத்துடன் இணைந்தபோது அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு வாலில் சூரியனின் வளைவை வரைந்தார்கள். 2010 ஜனவரியில் நிறுவனம் திவாலானது. மீண்டெழுந்த 2011-ஆம் ஆண்டிலேயே பழைய கொக்கை அழைத்து வந்து வாலில் உட்கார வைத்தார்கள். நல்ல காலத்தில் பழையதாகத் தெரிந்த சின்னம், கெட்ட காலத்தில் நம்பிக்கையின் முகமாகத் தெரிந்திருக்கிறது.

பறவைகள் ஏன் என்ற கேள்விக்கு, பறப்பதைக் காட்ட அவற்றைவிட எளிய வழி இல்லை என்பதே விடை. மாறாக, பறக்கவே பறக்காத ஒரு விலங்கை வைத்து வென்றவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதை கடைசிக் கேள்வியில் வருகிறது.

கேள்வி: பெல்ஜியத்தின் ஒரு விமான நிறுவனம் மூடநம்பிக்கைக்குப் பயந்து சின்னத்தையே மாற்றியதாமே?

உண்மைதான். பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ் 2006-இன் இறுதியில் அறிமுகப்படுத்திய சின்னம், புள்ளிகளால் ஆன 'பி' என்னும் ஆங்கில எழுத்து. எண்ணிப் பார்த்தவர்கள் 13 புள்ளிகள் இருப்பதைக் கண்டு முறையிட்டார்கள். 2007-இல் சேவை தொடங்குவதற்குள் 14-ஆவது புள்ளி ஒன்று சேர்க்கப்பட்டது. 2021-இல் வந்த புதிய சின்னத்தில் புள்ளிகள் ஒன்பதுதான்.

கேள்வி: பிரிட்டிஷ் ஏர்வேஸ் வாலில் பல நாட்டு ஓவியங்களைத் தீட்டி மூக்குடைபட்டதாகப் படித்தேன். என்ன நடந்தது?

விமான வண்ணங்களின் வரலாற்றில் இவ்வளவு ஆரவாரமாகத் தொடங்கி இவ்வளவு சங்கடமாக முடிந்த முயற்சி வேறொன்று இருக்க முடியாது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1997 ஜூனில், தன் பயணிகளில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்கள் என்ற கணக்கை முன்வைத்து, அந்நிறுவனம் தன்னை உலகத்துக்கே பொதுவான நிறுவனமாகக் காட்டிக்கொள்ள முடிவு செய்தது. வாலில் இருந்த கொடிச் சாயலை நீக்கிவிட்டு, டெல்ஃப்ட் நீலப் பீங்கான் வேலைப்பாடு, போலந்தின் காகித வெட்டுக் கலை, சீனத் தூரிகை எழுத்து, தென்னாப்பிரிக்காவின் நிடெபெலே மக்களின் சுவரோவியம் என்று பல நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளை வாலுக்கு ஒன்றாகத் தீட்டியது. செலவு ஏறத்தாழ 6 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன.

அந்த ஆண்டு அக்டோபரில் பிளாக்பூலில் நடந்த கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில், முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் கண்காட்சி அரங்கில் இருந்த மாதிரி விமானத்தைப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அதன் வாலை மூடினார். கேமராக்கள் சூழ்ந்திருந்த நேரம் அது. அதற்குப் பிறகு எந்த விளம்பரத்தாலும் அந்தக் காட்சியை அழிக்க முடியவில்லை. போட்டி நிறுவனமான வர்ஜின் அட்லான்டிக் இந்தத் தருணத்தைச் சும்மா விடுமா? தன் விமானங்களில் பிரிட்டிஷ் கொடியை எடுப்பாகத் தீட்டிக்கொண்டது.

1999-இல் பாதி விமானங்களுக்குக் கொடி திரும்பும் என்றார்கள். 2001-இல் எல்லாவற்றுக்கும் என்று அறிவித்தார்கள். திரும்பி வந்த கொடி, முதலில் கான்கார்டுக்காக ஒதுக்கப்பட்டிருந்த, 'சாத்தம் கப்பல்துறைக் கொடி' எனப்படும் பிரிட்டிஷ் கொடியின் அலையும் வடிவம். அந்தத் திட்டத்துக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்த வடிவம்தான் கடைசியில் திட்டத்தையே விழுங்கியது.

ஓவியங்கள் அழகற்றவை என்று நான் சொல்லமாட்டேன். பல மிக அழகானவை. கோளாறு எண்ணிக்கையில் இருந்தது. ஓடுபாதையின் மறுமுனையில் தெரியும் வால் யாருடையது என்று ஒரு நொடியில் சொல்ல முடிய வேண்டும். ஐம்பது முகங்கள் உடையவருக்கு முகமே இல்லாதது போல் ஆகிவிடுகிறது.

கேள்வி: விமானத்துக்கு எப்படி பெயின்ட் அடிக்கிறார்கள்? லோகோ ஸ்டிக்கரா, வரைவதா?

இரண்டும் உண்டு. சில மாதங்களே இருக்கப்போகும் விளம்பரப் படங்களுக்கு ஒட்டுப்படம் போதும். நிலையான வண்ணம் பூச்சாகவே ஏறுகிறது. ஒரு முறை பூசினால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் தாங்கும்.

வேலையில் பாதி, பூசுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அலுமினிய உடல் என்றால் வேதிக் கரைசலைத் தெளித்துக் காத்திருப்பார்கள். பழைய பூச்சு கொப்புளித்துச் சுருங்கி, தோல் உரிவது போலத் தாள் தாளாகத் தொங்கும். கார்பன் இழை உடலுக்கு அந்தக் கரைசல் ஆகாது. அங்கே பொறுமையாக மணல்தாள் கொண்டு தேய்க்கிறார்கள். பிறகு ஜன்னல்கள், கதவு இடுக்குகள், சக்கரங்கள், உணரிகள் ஒவ்வொன்றையும் தாளாலும் ஒட்டு நாடாவாலும் மூடுவார்கள். உடலின் பக்கவாட்டில் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு துளைகள் உள்ளன; உயரமானியும் வேகமானியும் அவற்றை நம்பியே இருக்கின்றன. அவற்றின் மீதுள்ள நாடாவை எடுக்க மறப்பது எத்தகைய பிழை என்பதற்கு, பூச்சு வேலையின்போது அல்லாமல் கழுவும் வேலையின்போது நடந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 1996 அக்டோபரில் ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 அப்படி மறக்கப்பட்ட நாடாவுடன் புறப்பட்டு, விமானிகள் உயரம் தெரியாமல் தவித்து, கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள்.

மூடியபின் அரிப்பைத் தடுக்கும் ப்ரைமர், அதன் மேல் நிறம், பெரும்பாலும் அதற்கும் மேல் ஒளி ஊடுருவும் பளபளப்புப் பூச்சு. எல்லாம் சேர்ந்தும் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். சின்னத்துக்கு, கணினி வெட்டிய ஸ்டென்சிலை ஒட்டித் தெளிக்கிறார்கள். ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகே அடுத்ததற்கு நாடா ஒட்ட முடியும் என்பதால், வடிவமைப்பாளர் சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் நிறமும் விமானத்தைத் தரையில் இன்னும் சில மணி நேரம் நிறுத்திவைக்கிறது. நிறைவுற்ற விமானத்தின் வாலைக் கிட்ட நின்று தடவினால், இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் விரல் நுனிக்கு ஒரு நுண்ணிய படி தட்டுப்படும்.

இரண்டு இடங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மூக்கின் உள்ளே வானிலை ரேடார் இருப்பதால் அதன் மேல் உலோகத்தூள் கலந்த பெயின்ட் கூடாது. அலைகளை அது மறைத்துவிடும். வாலில் உள்ள சுக்கான் போன்ற அசையும் பாகங்களில் பூச்சின் எடையே சமநிலையைக் குலைத்து, பறக்கையில் அதிர்வை உண்டாக்கக்கூடும். எனவே மறுபூச்சுக்குப் பின் அவற்றின் சமநிலையைச் சரிபார்த்து, தேவையானால் எதிர் எடை வைக்கிறார்கள். வாலில் அழகாக ஒரு சின்னத்தைத் தீட்டும் வடிவமைப்பாளர், தன் ஓவியத் துணியின் ஒரு பகுதி அசையக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: அமெரிக்க விமானங்களின் வலப்புறத்தில் கொடி தலைகீழாக, அதாவது இடம் வலம் மாறி இருக்கிறதே, பிழையா?

பிழையில்லை. கொடிக்கம்பம் மூக்கின் பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்னோக்கி விரையும்போது கொடி பின்னோக்கிப் பறக்க வேண்டும். வலப்புறத்தில் நட்சத்திரங்களை மூக்கின் பக்கம் வைப்பதற்குக் காரணம் அதுதான். வழக்கம் போல வைத்தால் கொடி பின்வாங்குவது போலத் தோன்றும்.

கேள்வி: ஏர் இந்தியாவின் ஜன்னல் வளைவுகளை நீக்கிவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது. புதியது எப்படி?

உங்கள் வருத்தத்தில் நானும் பங்குகொள்கிறேன், ஓரளவுக்கு. 1948 முதல் நெடுங்காலம் அந்நிறுவனத்தின் சின்னமாக இருந்தது வில்லேந்திய, பாதி குதிரை உருவம் கொண்ட தனுசு. மகாராஜா அதற்கும் மூத்தவர். நிறுவன அதிகாரி பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் 1946-இல் உருவாக்கிய விளம்பர உருவம் அவர். 1971-இல் போயிங் 747 வந்தபோது ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் அரண்மனை மாடத்தின் வளைவு சிவப்பில் வரையப்பட்டது. ஏமாற்றுக்கோடு ஜன்னல்களை மறைக்கப் பார்த்த காலத்தில், ஜன்னலையே அலங்காரமாக்கிய துணிச்சல் அது. உலகில் வேறு யாருக்கும் தோன்றாதது.

2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைந்தபோது ஒரு நிறுவனத்தின் தனுசிலிருந்து உருமாற்றிய பறக்கும் அன்னத்துக்குள் மற்றதன் கோனார்க் சக்கரத்தை வைத்தார்கள். இணைப்பு நடக்கும்போதெல்லாம் இப்படித்தான்: 2010-இல் யுனைட்டெடும் கான்டினென்டலும் சேர்ந்தபோது பெயர் ஒருவருடையது, வாலில் இருந்த பூகோளம் மற்றவருடையது. யாருக்கும் மனக்குறை வராது; சின்னத்துக்குத்தான் உயிர் வராது.

2023 ஆகஸ்டில் வெளியான புதிய வடிவத்தில் ஜன்னல் வளைவின் உச்சி மட்டும் தங்க நிறச் சின்னமாக எஞ்சியிருக்கிறது. தெரிந்தவருக்கு அது மாடம். தெரியாதவருக்கு ஒரு பொன்னிறக் கோணம். பழையதை அப்படியே வைத்திருந்தால் நூற்றுக்கணக்கான வளைவுகளுக்கு நாடா ஒட்ட வேண்டியிருக்கும் என்பதை மேலே சொன்ன பூச்சு வேலையோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியலாம்.

கேள்வி: விபத்துக்குப் பின் விமானத்தின் பெயரை அழித்துவிடுவார்கள் என்பது உண்மையா?

பல நிறுவனங்கள் செய்திருக்கின்றன. 2013 செப்டம்பரில் பாங்காக்கில் ஓடுபாதையை விட்டு விலகிய தாய் ஏர்வேஸ் விமானத்தின் பெயரும் வால் சின்னமும் கறுப்பு பெயின்டால் மூடப்பட்டன. மூடுவதற்காகப் பணியாளர் ஏறி நின்ற படமே உலகெங்கும் போனது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த வால் எது? நழுவாமல் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டஸின் கங்காரு. 1944-இல் ஆஸ்திரேலிய ஒரு பென்னி நாணயத்தில் இருந்த கங்காருவைப் பார்த்து ஒரு விமானத்தின் விமானி அறைக்குக் கீழே வரைந்தார்கள். 1947-இல் கெர்ட் செல்ஹைம் என்னும் வடிவமைப்பாளர் அதற்குச் சிறகு பூட்டினார். பறக்காத விலங்கை விமானத்தில் வைத்துவிட்டோமே என்ற கூச்சம் அந்தச் சிறகில் தெரிகிறது. 1984-இல் சிறகைக் கழற்றினார்கள். 2007-இலும் 2016-இலும் உடலை இன்னும் இழைத்து, முன்கால்களைக் கூட ஏறக்குறையக் கரைத்துவிட்டார்கள். பிந்தைய திருத்தத்தில் கைவைத்தவர் வடிவமைப்பாளர் மார்க் நியூசன். இப்போது இருப்பது சிவப்பு வாலில் ஒரே வெள்ளைத் தாவல். இருபுறமும் மூக்கை நோக்கியே தாவுகிறது. இரவில் வால் இறக்கையின் மீதுள்ள சிறு விளக்குகள் அதன் மேல் ஒளி பாய்ச்சும்போது, விமானத்தின் உடல் முழுதும் இருளில் கரைந்திருக்க, கங்காரு மட்டும் தனியே ஓடுபாதையைக் கடந்து போகும்.